மாதம் ரோமன் எண்ணில்

தக்கலை
14 ஜூன் 2025

இல்லை ரெனி, வேலையை விடவில்லை. அப்பா அப்படி எழுதியிருந்தால் அது அப்பாவின் ஆசை. களப்பணிக்காக ஓராண்டு ஊர்ப்பக்கம் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தக்கலையில் ஓர் அறை. கீழே ஜெராக்ஸ் கடை. பெங்களூர் ஆய்வகத்தின் நுண்ணோக்கி ஒன்று என் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குறும்பனை வீட்டுக்குப் போகிறேன். அப்பாவுக்குச் சுகக்கேடு ஒன்றுமில்லை. சாளை மீன் வாங்கி வைத்திருப்பார். நான் பொரிக்க வேண்டும்.

நீ எப்படி இருக்கிறாய்? மடத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம். இந்த மாதம் முதல் நோவிசியேட் என்ற துறவுப் பயிற்சி, ஒரு வருடத்துக்குப் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று அப்பா சொன்னார். ராஞ்சி வெயிலில் உன் தலைவலி என்ன ஆயிற்று?

ஒரு காரியம் கேட்க வேண்டும். நீ மடத்துக்குப் புறப்படும்போது என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா தந்தாய். எனக்காக நீ சிதறால் மலையடியில் பிடித்த பட்டாம்பூச்சிகள். அதை இவ்வளவு நாள் நான் திறக்கவில்லை. போன வாரம் திறந்தேன்.

பெரும்பாலும் தெரிந்தவை. ஓர் உறையில் மட்டும் மூன்று புதர்ப் பழுப்பன்கள். நினைவிருக்கும். நிழலில், தரையை ஒட்டி, விழுந்து விழுந்து பறக்குமே, சின்னப் பழுப்புப் பூச்சி. அதன் சிறகின் அடிப்பக்கத்தில் கண் போல வட்டங்கள் வரிசையாக இருக்கும். இந்த மூன்றுக்கும் கண் இல்லை.

அதில் அதிசயம் இல்லை. வறண்ட மாதங்களில் பிறப்பவற்றுக்குக் கண் மறைந்துபோகும். காய்ந்த சருகின் மேல் உட்கார்ந்தால் சருகாகவே தெரியும். மழைக்காலத்தில் பிறப்பவற்றுக்குக் கண் பெரிதாகத் திறந்திருக்கும். ஒரே இனம், இரண்டு உடை. நூறு வருடங்களுக்கு முன்னால் இதை அறியாமல் ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர் வைத்தவர்கள் உண்டு.

ஆனால் உன் உறையில் பென்சிலால் X.3.2023 என்று இருக்கிறது. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது எங்கள் துறையின் வழக்கம். X என்றால் பத்தாம் மாதம். அக்டோபர் மூன்று. நல்ல மழை. மழையில் கண் இல்லாத புதர்ப் பழுப்பன் பறந்திருந்தால், அது நமக்குத் தெரிந்த பூச்சி அல்ல. இதுவரை பெயர் வைக்கப்படாத ஒன்று.

அந்த நாளைப்பற்றி நினைவில் உள்ளதை எழுது. இடம், நேரம், வானம்.

நன்றாகச் சாப்பிடு.

ஜினிஷா

*

ராஞ்சி அருகே
6 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. உன் கடிதம் வந்தது. தலைவலி போய்விட்டது. இப்போது மழை. எனக்குச் சளி மட்டும். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாயா? மாத்திரையை விட்டுவிடுவார், பார்த்துக்கொள்.

இங்கே ஒன்பது பேர் இருக்கிறோம். தமிழ் எனக்கு மட்டும்தான். மீன் கிடையாது. உருளைக்கிழங்கை மீன் மாதிரி வெட்டி மிளகு புரட்டிப் பொரித்துப் பார்த்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கடிதங்கள் சிஸ்டர் டெல்சி வழியாகத்தான் வரும், போகும். எங்கள் பயிற்சித் தலைவி. படித்த பிறகு கையில் தருவார். மற்றவர்கள் தமிழில் எழுதினால் தப்பிக்கலாம் என்று என்னைக் கேலி செய்கிறார்கள். ஆனால் சிஸ்டருக்கும் சொந்த ஊர் நம் பக்கம்தான், அஞ்சுகிராமம். உன் கடிதத்தைத் தரும்போது, "பூச்சிக்கு இவ்வளவு பாடு உண்டா மக்கா?" என்று கேட்டார்.

இடம், மலைக்கு ஏறும் வழியில் படிக்கட்டு தொடங்கும் முன், இடப்பக்கம் ரப்பர் தோட்டம் இருக்கிறதே, அதற்கும் பாறைக்கும் நடுவில். ஒரு கொல்லாமரம் நிற்கும். அதன் அடியில்.

உனக்காகத் தினமும் செபிக்கிறேன்.

ரெனிஷா

*

தக்கலை
22 ஜூலை 2025

ரெனி,

சளி விட்டதா? கஷாயம் போட அங்கே யாராவது இருக்கிறார்களா? அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அழுத்தம் பரவாயில்லை. டாக்டரிடம், "எனக்க பொண்ணு பூச்சிக்கு டாக்டர், நீங்க மனுசருக்கு" என்றார்.

இடத்தை எழுதினாய். நேரத்தை எழுதவில்லை. வானத்தை எழுதவில்லை.

ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்று சொல்கிறேன். சிறகை மட்டும் வைத்துப் பெயர் வைக்க முடியாது. ஆண் பூச்சியின் வயிற்று நுனியை அறுத்து, உள்ளே உள்ள உறுப்பின் வடிவம் பார்த்துத்தான் இது வேறு, அது வேறு என்று பிரிக்கிறோம். (சிஸ்டர் டெல்சி மன்னிக்கவும். இது தொழில்.) ஆனால் டப்பாவுக்குள் எறும்பு புகுந்திருக்கிறது. மூன்றுக்கும் சிறகு உண்டு, தலை உண்டு, வயிறு இல்லை. காலை எடுத்து மரபணுப் பார்த்தோம். வித்தியாசம் மிகச் சிறியது. அது எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

ஆகவே மிஞ்சியிருப்பது தேதி ஒன்றுதான். அக்டோபர் என்றால் புதியது. வறண்ட மாதம் என்றால் வீட்டுக் கொல்லையில் திரிகிற சாதாரணப் பூச்சி.

என் கைடு ஒரே மகிழ்ச்சியில் இருக்கிறார். டிசம்பர் பத்துக்குள் கட்டுரையை இதழுக்கு அனுப்ப வேண்டும் என்கிறார். பெயர் வைக்கும் உரிமையை எனக்குத் தந்திருக்கிறார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். கிரேசி என்பது லத்தீனில் கிரேசியே என்று ஆகும். அம்மா பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்கு மேல் போகாதவள். உலகத்தில் எந்த மூலையில் இந்தப் பூச்சியைப்பற்றி யார் எழுதினாலும் அவள் பெயரை எழுதியாக வேண்டும்.

அன்று மழை பெய்ததா? ஆம், இல்லை. ஒரு சொல் போதும்.

உடம்பைக் கவனி.

ஜினிஷா

*

ராஞ்சி அருகே
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் திருஇருதயம் நம் வீட்டைக் காக்கட்டும். சளி விட்டது. இங்கே எல்லாரும் சுகம்.

அம்மாவின் பெயரை வைக்கப் போகிறாய் என்று படித்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்தேன். சாப்பாட்டு மணி கேட்கவில்லை.

நீ மாதத்தை ரோமன் எண்ணில் எழுதச் சொன்னாய். நான் எழுதினேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

உனக்கு டிசம்பர் பத்து போல எனக்கு டிசம்பர் எட்டு. மாதா திருநாள். அன்று நாங்கள் ஒவ்வொருவரும் ஆண்டவர் எங்களை எப்படி அழைத்தார் என்று எழுதி, சபையின் முன்னால் வாசிக்க வேண்டும். நான் எழுதத் தொடங்கிவிட்டேன். 2023 மார்ச் பத்து, தவக்கால வெள்ளி, நான் பக்கத்துப் பங்கில் பெண்கள் தியானத்தில் இருந்த நேரத்தில் அம்மா வீட்டில் தனியாக இறந்தாள் என்று தொடங்குகிறது. அடக்கத்தில் பங்குத்தந்தை சொன்னது உனக்கு நினைவிருக்கும். தாய் கண் மூடிய வேளையில் மகள் ஆண்டவரின் காலடியில் இருந்தாள் என்று. அப்பா இன்றைக்கும் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறார். சிஸ்டர் டெல்சி என் விண்ணப்பத்தில் அந்த வரியின் கீழ்தான் கோடு போட்டிருந்தார்.

பூச்சியைப்பற்றி இனி நாம் எழுத வேண்டாம். வேறு விசேஷம் எழுது. பக்கத்து வீட்டு ஜாஸ்மி அக்காவின் மகளுக்குக் கல்யாணம் கூடிவிட்டதா?

ரெனிஷா

*

தக்கலை
9 செப்டம்பர் 2025

ரெனி,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். ஜாஸ்மி அக்காவின் மகளுக்கு இன்னும் கூடவில்லை. மாப்பிள்ளை துபாயில் என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

சிதறாலுக்குப் போனேன். நீ சொன்ன கொல்லாமரத்தைக் கண்டுபிடித்தேன். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற ரசலையன் என்பவர் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"நீ அந்தக் கொச்சுக்க அக்காவா?"

"எந்தக் கொச்சு, அண்ணாச்சி?"

"வலையும் கொண்டு ஒருத்தி வருவாளே. மொகம் அப்படியே இருக்கு. நான் கேட்டேன், மீன் பிடிக்கணும்னா கடலுக்குப் போ மக்கா, பாறையில மீனா கெடக்குன்னு. அதுக்கு அவ சொல்லுதா, எங்க ஊர்ல எல்லாரும் மீனுதான் பிடிக்காவ, எனக்கொரு மாற்றம் வேண்டாமான்னு. வாயாடி."

"கடைசியா எப்ப வந்தா?"

"அது ஒரு வெள்ளியாழ்ச்ச. போன்ல என்னமோ பாத்தா. பாத்ததும் மொகம் வெளுத்துப்போச்சு. ஓடுதா, ஓடுதா, ஒரே ஓட்டம். வலைய இஞ்சயே போட்டுட்டா. நான் எடுத்து வச்சிருக்கேன்."

"மழை உண்டா அன்னைக்கு?"

"பால் வெட்டே இல்லாத்த சமயம்."

"மழையிலயும் வெட்டு நிக்கும்லா?"

"மழையில நான் எதுக்கு மக்கா சருகு தூப்பேன்? தீ பிடிக்கும்னு பயந்து தூத்துக்கிட்டு நின்னேன். வெயிலுன்னா அப்படி வெயில்."

வலையைத் தந்தார். கம்பில் உன் எழுத்து.

2023 அக்டோபர் மூன்று செவ்வாய்க்கிழமை. அவர் வேறொரு நாளைச் சொல்லியிருக்கலாம். நீ பல நாள் போனவள். கிழமை மறந்துபோகும், மாதம் கலந்துபோகும். அதனால் உன்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை. உறையில் எழுதும்போது இரண்டு எண்களில் எதை ரோமனாக மாற்றினாய்? முதல் எண்ணையா, மாதத்தையா?

பதில் எழுது. அப்பா உன்னை விசாரித்தார்.

ஜினிஷா

*

ராஞ்சி அருகே
2 அக்டோபர் 2025

அன்புமிக்க செல்வி ஜினிஷாவுக்கு,

உங்களுக்கும் தந்தைக்கும் இறைவனின் சமாதானம் கிடைப்பதாக.

ரெனிஷா உடல் நலத்துடன் இருக்கிறாள். முப்பது நாள் மௌனத் தியானத்தில் நுழைந்திருக்கிறாள். இந்த நாட்களில் கடிதம் கொடுப்பதில்லை. செப்டம்பர் ஒன்பதாம் தேதியிட்ட உங்கள் கடிதத்தைப் படித்தேன். என்னிடம் வைத்திருக்கிறேன். தியானம் முடிந்ததும் தருவேன்.

நான் படித்த ஒன்றை அவளிடம் நான் கேட்கமாட்டேன். அவளாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அதுவே என் வேண்டுகோள்.

சிஸ்டர் டெல்சி

*

தக்கலை
21 அக்டோபர் 2025

ரெனி,

இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியாது. சுகமாக இரு. எனக்குக் காய்ச்சல் வந்து போனது. மழையில் நின்றதுதான்.

பன்னிரண்டு நாள் சிதறாலில் நின்றேன். கொல்லாமரத்தடியில், பாறை இடுக்கில், படிக்கட்டு ஓரத்தில். நாற்பத்தொரு புதர்ப் பழுப்பன் பிடித்தேன். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கண் இருந்தது.

கைடிடம் சொன்னேன். "கிடைக்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது, ஜினிஷா. அரியதாக இருக்கலாம். உங்களிடம் தேதி எழுதிய உறை இருக்கிறது. அது ஆதாரம். எழுதுங்கள்" என்றார்.

எழுதுகிறேன். பதினோரு பக்கம் ஆகிவிட்டது. "சேகரித்தவர்" என்ற இடத்தில் உன் பெயர். "சேகரித்த நாள்" என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தினமும் அந்த இடத்தில் கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது. அக்டோபர் என்று அடிப்பேன். அழிப்பேன்.

நான் அக்டோபரை நம்ப விரும்புகிறேன் என்று உனக்குத் தெரியும்.

அப்பா சுகம்.

ஜினிஷா

*

ராஞ்சி அருகே
11 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா? காய்ச்சல் திரும்ப வரவில்லையே? தியானம் முடிந்தது. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன.

தியானம் முடித்தவர்கள் ஒரு கடிதம் மட்டும் ஒட்டிய உறையில் அனுப்பலாம். யாரும் படிக்கமாட்டார்கள். மற்றவர்கள் அம்மாவுக்கு எழுதினார்கள்.

முதல் எண்ணைத்தான் மாற்றினேன்.

மலையில் நின்று பத்து, மூன்று, அதாவது மார்ச் பத்து என்று எழுத வந்தேன். அன்று காலையில்தான் நீ போனில், ஏதோ ஒன்றை ரோமனில் எழுது என்று சொல்லியிருந்தாய். எது என்று மறந்துவிட்டது. பத்து என்றால் X, அது எழுத எளிது, அதை மாற்றினேன். அவ்வளவு சின்னக் காரியம். எழுதி முடித்துப் பாறையைத் தாண்டி வந்ததும் போனைப் பார்த்தேன். பதினான்கு அழைப்பு. பாறைக்குப் பின்னால் டவர் கிடையாது, உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபோது நாலு மணி. முற்றம் நிறைய ஆள். ஜாஸ்மி அக்கா என்னைக் கட்டிப்பிடித்து, "தியானத்துல இருந்தியே மக்கா, உனக்க அம்மைக்கு மோட்சம்தான்" என்று அழுதாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவ்வளவுதான் செய்தேன். தியானம் என்று முதலில் யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அடுத்த நாள் பங்குத்தந்தை சொன்னார். அதற்கடுத்த நாள் அப்பா சொன்னார். பிறகு அது எனக்கே நடந்தது போல ஆகிவிட்டது. கோயிலின் குளிர்ச்சிகூட நினைவில் இருக்கிறது. நான் போகாத கோயில்.

அன்று நான் எங்கே இருந்தேன் என்று உனக்கு மட்டும் தெரியும். போகச் சொன்னவள் நீ. இரண்டரை வருடமாக நீயும் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. டப்பாவை உன்னிடம் தரும்போது உறையைப் பார்த்தேன். தப்பாக எழுதியிருக்கிறது என்று தெரிந்தது. தப்பாகவே இருக்கட்டும் என்று மூடினேன்.

இப்போது உன்னிடம் விடுகிறேன். நீ அக்டோபர் என்று அச்சிட்டால், நான் டிசம்பர் எட்டில் எழுதியதை அப்படியே வாசிப்பேன். அம்மாவுக்கும் ஒரு பெயர் கிடைக்கும். உன் பதிலைச் சிஸ்டர் படிப்பார். பார்த்து எழுது.

ரெனிஷா

*

தக்கலை
20 நவம்பர் 2025

ரெனி,

இதைச் சிஸ்டர் டெல்சி முதலில் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். சிஸ்டர், உங்களுக்கு வணக்கம்.

தியானம் என்று முதலில் சொன்னது நான்.

மார்ச் பத்து காலையில் அம்மா எனக்குப் போன் செய்தாள். "ரெனி போன எடுக்கல்ல. எங்க போனா அவ?" என்றாள். உன்னை மலைக்கு அனுப்பியது தெரிந்தால் ஏசுவாள். படிக்கிற பெண்ணைப் பூச்சி பிடிக்க அனுப்புகிறாய் என்று ஏற்கெனவே ஒரு சண்டை நடந்திருந்தது. ஆகவே, பக்கத்துப் பங்கில் தியானத்துக்குப் போயிருக்கிறாள், அங்கே போனை அணைத்து வைக்கச் சொல்வார்கள் என்றேன். நொடியில் வந்த பொய். அம்மா அதை வேலிக்கு மேல் ஜாஸ்மி அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். ஒன்றரை மணிக்கு அம்மா இறந்து கிடந்ததைப் பார்த்ததும் ஜாஸ்மி அக்காதான். பிறகு ஊர் முழுவதும்.

அவ்வளவுதான் பேச்சு.

அடக்கத்தன்று பங்குத்தந்தை என் பொய்யைப் பீடத்திலிருந்து வாசித்தார். நான் முன்வரிசையில் இருந்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். நீ மடத்துக்குப் போகிறேன் என்றபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. டப்பாவை ஒன்றரை வருடம் திறக்காததும் அதனால்தான். திறந்தபோது X முன்னால் நின்றது. அக்டோபர் என்று வாசிக்க, ரோமன் எண்ணே மாதம் என்ற விதி எனக்கு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

நான் அக்டோபர் என்று எழுதப் போவதில்லை. நீ என்ன வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

குளிருக்குக் கம்பளி அனுப்பியிருக்கிறேன்.

ஜினிஷா

*

ராஞ்சி அருகே
9 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

நலம். கம்பளி கிடைத்தது.

சிஸ்டர் டெல்சி உன் கடிதத்தைக் கையில் தந்து, "படிச்சிட்டு அழணும்னா அழு. பொறவு வா, பேசலாம்" என்றார். நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருடத்தில் ஒருவர்மேலும் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. ஒரு பொய்யை நான் உண்டாக்கினேன் என்று நினைத்துச் சுமந்தேன். நீ முன்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

நேற்று வாசித்தேன். தியானத்தில் இருந்தேன் என்ற வரியை அடித்துவிட்டு, மலையில் இருந்தேன், இல்லை என்று சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று வாசித்தேன். உன்னைப்பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு கேக் வெட்டினார்கள். நான் இங்கே தொடர்வதா வேண்டாமா என்பதை ஜனவரியில் முடிவு செய்வார்கள். நானும் முடிவு செய்ய வேண்டும். அன்றைய தினத்தை எடுத்துவிட்டால் என்னிடம் அழைத்தல் என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிற மாதிரியும் தெரிகிறது.

ஒன்று கேட்கிறேன். அவ்வளவுதான் பேச்சு என்று எழுதியிருக்கிறாய். அன்று சாயந்திரம் அம்மாவின் போனை நான் பார்த்தேன். ஜினி, காலை 11.12 மணி, நான்கு நிமிடம் என்று இருந்தது. நீ எழுதியது அரை நிமிடம்கூட வராது.

மீதியை எழுது. அதுவரை வேறொன்றும் எழுதாதே.

ரெனிஷா

*

தக்கலை
22 டிசம்பர் 2025

ரெனி,

நீயும் அங்குள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டும்.

மீதி இது.

"தியானமா? கொள்ளாம். என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்லா" என்றாள். பிறகு, நெத்திலி மலிவாகக் கிடைத்தது, அவியல் வைத்திருக்கிறேன், உனக்குப் பார்சல் அனுப்ப முடியாதே என்றாள். பெங்களூரில் என்னத்த திங்கிய என்று கேட்டாள். நான் ஆய்வகத்தில் இருந்தேன். சரிம்மா, சரிம்மா என்றேன்.

பிறகு சொன்னாள், "மக்கா, எடக்கையி ஒரு மாதிரி மரத்துட்டு வருது. காலம்பறத்துலேந்து. நெஞ்சும் ஒரு வெப்ராளம். தைலத்த ரெனி எங்க வச்சான்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

நான் சொன்னேன், "வெயிலா இருக்கும்மா. கைய தேச்சுவிட்டுக் கொஞ்சம் படுங்க. ரெனி வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"ஆமா, அவ வரட்டு" என்றாள். வைத்துவிட்டாள்.

ஜாஸ்மி அக்காவைக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நானே அவருக்குப் போன் செய்திருக்கலாம். அவர் ஆட்டோ பிடித்திருப்பார். ஆனால் உன்னைக் கூப்பிடத் தியானத்துக்கும் ஆள் அனுப்பியிருப்பார். நீ அங்கே இல்லை என்று தெரிந்துவிடும். இதை நான் யோசித்தேன். யோசித்தது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு நுண்ணோக்கியில் குனிந்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நேற்று ஞாயிறு, அப்பாவிடம் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கை மரத்துதுன்னு சொன்னாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையைக் கழுவிவிட்டுக் கடற்கரைக்குப் போனார். இருட்டும் முன் வந்தார். மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் ஆமாம் என்றேன். "ரெனிக்குத் தெரியுமா?" என்றார். எழுதப் போகிறேன் என்றேன். "எழுது" என்றார். நான் பொரித்து வைத்த மீன் இரண்டு தட்டிலும் பாதியில் கிடந்தது.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. ஜனவரியில் என்ன முடிவானாலும் அப்பாவுக்கு ஒரு வரி போடு. குளிரில் காதை மூடிக்கொள்.

கட்டுரையை அனுப்பவில்லை என்று கைடுக்கு எழுதிவிட்டேன். இன்று காலை மூன்று பூச்சிகளையும் எடுத்து, சாதாரணப் புதர்ப் பழுப்பன்களின் பெட்டியில், மார்ச் மாத வரிசையில் குத்தி வைத்தேன்.

ஜினிஷா